அரிய பாசிதானா? கைலென்ஸோடு ஒரு துருவப் பாசியை நெருங்குவது

உயரமான மலையொன்றின் மேல்தட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மரங்கள் எல்லாம் கீழேயே நின்றுவிட்டன. கோடை பாதி கடந்தும் குழிகளில் பழைய பனி கிடக்கிறது. அது உருகி வடிகிற சரிவில் குனிந்து பார்த்தால் பச்சையும் பழுப்புமாகப் பாசி மெத்தை. அதில் ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறுகிறது. வெளிறிய மஞ்சள் பச்சையில், சின்னப் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல், தடித்த தண்டுகள். பக்கத்துப் பாசிகள் இலைகளை விரித்துச் சிலிர்த்து நிற்க, இவை மட்டும் இலைகளை உடம்போடு அணைத்து உருண்டு திரண்டிருக்கின்றன.

கையில் ஒரு வழிகாட்டி நூல் இருந்தால் அரைமணி நேரத்தில் பெயர் கிடைத்துவிடும்: ஆலகோம்னியம் டர்ஜிடம். துருவப் பகுதியிலும் உயர்ந்த மலைகளிலும் வளர்வது, ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் அரியது என்று அதில் போட்டிருக்கும். கிடைத்த சந்தோஷத்தில் நூலை மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள். அரிய பெயர் என்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய பெயர். அதே தோற்றத்தில் வரக்கூடிய சாதாரணப் பாசிகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டிய பிறகு மிச்சம் நிற்பதுதான் அரியது. அந்தக் கழித்தலை எப்படிச் செய்வது என்பதை இந்த ஒரு பாசியை வைத்தே பார்த்துவிடலாம்.

எந்தப் பாசி?

தமிழில் 'பாசி' என்றால் ஒரு சிக்கல் உண்டு. குளத்தில் மிதக்கும் பச்சைப் படலமும் பாசிதான், ஈரச் சுவரில் வெல்வெட் மாதிரி படர்வதும் பாசிதான். முதலாவது ஆல்கா. இரண்டாவது பெரும்பாலும் மாஸ். பாடப்புத்தகங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. நாம் பேசப்போவது மாஸைப் பற்றி மட்டும். வடக்கே 'கலைமான் பாசி' என்று அழைக்கப்படும் ஒன்று இருக்கிறது. அது மாஸும் இல்லை, ஆல்காவும் இல்லை. பூஞ்சையும் ஆல்காவும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் லைக்கன். துருவப் பகுதியில் பெயரை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதுவே நல்ல தொடக்கம்.

மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. தரையைப் பற்றிக்கொள்ள ரைசாய்டு எனப்படும் மெல்லிய இழைகள் மட்டும் உண்டு. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன். தண்ணீரை உடம்பு முழுக்க நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். பூ இல்லை, விதை இல்லை. நேரம் வந்தால் ஒரு காம்பு எழும்பும், அதன் உச்சியில் ஸ்போர் எனப்படும், விதைக்குப் பதிலாகப் பரவும் நுண்துகள்கள் நிறைந்த சிறு பை இருக்கும். அந்தப் பையைக் காப்சூல் என்பார்கள். உலகில் சுமார் 12,000 வகை மாஸ்கள் உள்ளன என்று பொதுவாகச் சொல்வதுண்டு. பெரும்பாலானவற்றைப் பிரித்தறிய உதவுவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஒளிந்திருக்கும் விஷயங்கள். மொபைலில் படம் எடுத்து ஆப்பிடம் கேட்கும் பழக்கம் இங்கே அதிக தூரம் போகாததற்குக் காரணம் அதுதான். படத்தில் தெரிவது மெத்தை. பதில் இருப்பதோ செல்லில்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பேக்னம் எனும் சதுப்புப் பாசிக் குடும்பத்தைத் தவிர மற்ற மாஸ்களின் அறிவியல் பெயர்கள் 1801இலிருந்துதான் கணக்கில் வருகின்றன. யோஹான் ஹெட்விக் எழுதி, அவர் இறந்தபிறகு வெளியான நூல்தான் அதற்குத் தொடக்கப்புள்ளி. நம் பாசியை 1812இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் யோரான் வாலன்பெரி, லாப்லாந்துத் தாவரங்களைப் பற்றி எழுதியபோது முதலில் விவரித்தார். டர்ஜிடம் என்றால் லத்தீனில் 'வீங்கியது'. ஆலகோம்னியம் என்பது கிரேக்கத்தில் 'வரிப்பள்ளம் உள்ள பாசி'. காப்சூலில் நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும். வீங்கிய, வரிப்பள்ளப் பாசி. பெயரிலேயே பாதி வர்ணனை வந்துவிட்டது.

துருவத்துக்கும் மலைக்கும் என்ன உறவு?

ஆர்க்டிக் வட்டத்தில் சமதரையில் வளரும் ஒரு தாவரம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே ஆல்ப்ஸ் மலையின் மேல்தட்டில் திடீரென்று தலைகாட்டும். நடுவில் இருக்கும் காடுகளிலும் வயல்களிலும் தேடினால் கிடைக்காது. இப்படி இரண்டு இடத்தில் மட்டும் வாழ்பவற்றைத்தான் ஆர்க்டிக்-ஆல்பைன் இனங்கள் என்கிறார்கள். தமிழில் துருவ-மலை இனங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

காரணத்தின் பெரும்பகுதி பனியுகத்தில் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்படலம் வட ஐரோப்பாவின் பெரும்பகுதியையும் வட அமெரிக்காவில் பாதியையும் மூடிக் கிடந்தது. குளிர்தாவரங்கள் அதன் விளிம்பில் தாழ்வான நிலங்களில் பரவியிருந்தன. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் முடிந்து வெப்பம் ஏறியபோது அவற்றுக்கு இரண்டே வழிகள் இருந்தன: வடக்கே போவது, அல்லது மேலே ஏறுவது. மேலே ஏறியவை மலையுச்சிகளில் தனித்தனியாக மாட்டிக்கொண்டன. மாஸ்களைப் பொறுத்தவரை ஸ்போர்கள் காற்றில் வெகுதூரம் போகும் என்பதால் இதே கதைதான் எல்லாவற்றுக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்போது எங்கே இருக்கின்றன என்ற வரைபடத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கதை போதும்.

அப்புறம், 'அரிய' என்ற சொல். கிரீன்லாந்திலோ ஸ்வால்பார்டிலோ சைபீரியாவிலோ அலாஸ்காவிலோ போய் டர்ஜிடத்தை 'அரிய பாசி' என்றால் அங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். தூந்திராவில் அது தினமும் காலில் படுவது. தன் எல்லையின் தெற்கு விளிம்பில், ஸ்காட்லாந்தின் உயர்நிலம் மாதிரி இடங்களில்தான் அது அரியதாகிறது. ஆகவே ஒரு பாசி அரியதா என்று கேட்கும்போது 'எங்கே?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதில் நடைமுறை லாபம் ஒன்றும் இருக்கிறது. அது சாதாரணமாக வளரும் இடங்களில் எடுத்த மாதிரிகள் அருங்காட்சியகங்களில் ஏராளமாக இருக்கும். நீங்கள் கண்டதை அவற்றோடு ஒப்பிடலாம்.

கருவிகள் குறைவுதான்

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் போதும். இருபது மடங்கு லென்ஸும் இருந்தால் நல்லது. ஆனால் தொடங்குவதற்குப் பத்தே சிறந்தது. பார்வை வட்டம் பெரிது, வெளிச்சமும் கூடுதல். புதியவர்கள் செய்யும் தவறு, பூதக்கண்ணாடியைப் போல லென்ஸைப் பாசிக்குப் பக்கத்தில் பிடித்து எட்டி நின்று பார்ப்பது. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். பாசியைத்தான் லென்ஸை நோக்கி மெல்லக் கொண்டுவர வேண்டும். தெளிவு வரும்போது பாசி கிட்டத்தட்ட மூக்கின் பக்கத்தில் இருக்கும். பார்ப்பவர்களுக்கு நீங்கள் அதை முகர்ந்துகொண்டிருப்பது போலத் தோன்றும். பழகிவிடும்.

இதோடு ஒரு சிறிய தண்ணீர் தெளிப்பான், நுனி கூர்மையான இடுக்கி, காகித உறைகள், பென்சில். வீட்டிலோ ஆய்வகத்திலோ ஒரு மைக்ராஸ்கோப். அவ்வளவுதான்.

தண்ணீர் தெளிப்பான் எதற்கு என்று கேட்கலாம். சொல்லப்போனால் லென்ஸுக்கு அடுத்து முக்கியமானது அதுதான். மாஸ் தன் ஈரத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதது. காற்று காய்ந்தால் அதுவும் காயும். காய்ந்தால் இலை சுருளும், முறுக்கிக்கொள்ளும், தண்டோடு ஒட்டும், நிறம் மங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பல இனங்கள் கண்ணெதிரிலேயே, சில விநாடிகளில், விரிந்து எழும். ஒரே செடிக்கு இரண்டு முகம். நூலில் இருக்கும் வர்ணனை எந்த முகத்தைப் பற்றியது என்று தெரியாமல் ஒப்பிட்டால் எல்லாமே தப்பாகும்.

நானே இதில் விழுந்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒருமுறை, காய்ந்து இலைகளை ஒடுக்கிக்கொண்டிருந்த ஒரு சாதாரணப் பாசியை எடுத்து, "தண்டு தடித்து உருண்டிருக்கிறது, இலைகள் ஒட்டியிருக்கின்றன" என்று குறிப்பெழுதி, அரிய பெயரும் எழுதி உறையை மூடிவிட்டேன். மறுநாள் தண்ணீரில் போட்டபோது அது நன்றாகக் கையைக் காலை நீட்டிக்கொண்டு வேறு ஆளாக எழுந்தது. அன்றிலிருந்து காய்ந்த நிலையில் ஒரு குறிப்பு, நனைந்த நிலையில் ஒரு குறிப்பு என்று இரண்டும் எழுதாமல் பெயரை நினைப்பதே இல்லை.

இந்த மாற்றமே ஓர் அடையாளம்தான். டர்ஜிடம் காய்ந்தாலும் நனைந்தாலும் பெரிதாக மாறாது. இரண்டு நிலையிலும் இலைகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருக்கும். அதன் நெருங்கிய உறவான ஆலகோம்னியம் பலுஸ்ட்ரே காய்ந்தால் இலைகள் நெளிந்து முறுக்கிக்கொள்ளும், நனைந்தால் விரிந்து நிற்கும்.

முதல் சந்தேக நபர்: பலுஸ்ட்ரே

பலுஸ்ட்ரே என்றால் சதுப்பில் வாழ்வது. வட பகுதி முழுக்கச் சதுப்புகளிலும் ஈரப் புதர்நிலங்களிலும் தாராளமாகக் கிடைக்கும் பாசி. டர்ஜிடத்தைக் கண்டேன் என்று சொல்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

லென்ஸில் நான்கு இடங்களைப் பாருங்கள். இலை நுனி முதலில். பலுஸ்ட்ரேயின் இலை ஈட்டி வடிவம். நுனி கூர்மை, அதன் பக்கத்தில் விளிம்பில் சிறு பற்கள். டர்ஜிடத்தின் இலை கரண்டி போலக் குழிந்தது. நுனி உருண்டு மழுங்கி, உள்பக்கமாக வளைந்து குல்லா மாதிரி இருக்கும். விளிம்பில் பல் கிடையாது என்றே சொல்லலாம்.

அடுத்து தண்டின் அடிப்பகுதி. மெத்தையிலிருந்து ஒரே ஒரு தண்டை இடுக்கியால் முழுதாக உருவி எடுங்கள். பலுஸ்ட்ரேயின் கீழ்த்தண்டு துருப்பிடித்த நிறத்தில் ரைசாய்டு இழைகளால் கம்பளி சுற்றியது போல இருக்கும். டர்ஜிடத்தில் அந்தக் கம்பளி மெல்லியது.

மூன்றாவது, தண்டின் உச்சி. பலுஸ்ட்ரே பல நேரம் ஒரு வேலை செய்யும். உச்சியிலிருந்து இலையில்லாத மெல்லிய குச்சி ஒன்றை நீட்டி, அதன் தலையில் ஒரு பச்சை உருண்டையை வைத்துக்கொள்ளும். பார்க்கக் குண்டூசி குத்திவைத்த மாதிரி இருக்கும். உருண்டை முழுக்க ஜெம்மாக்கள். ஒவ்வொன்றும் உதிர்ந்து தனிச் செடியாக முளைக்கக்கூடிய துணுக்கு. இந்தக் குண்டூசி தெரிந்துவிட்டால் டர்ஜிடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரியாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, ஏனென்றால் பலுஸ்ட்ரே எல்லாத் தண்டிலும் இதைச் செய்வதில்லை. இருப்பது சாட்சி, இல்லாதது சாட்சியாகாது. பாசி பார்ப்பவர்கள் இந்த ஒன்றை மறந்து செய்யும் தவறுகள் ஏராளம்.

நான்காவது நிறமும் பருமனும். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வெளிறிய மஞ்சள் பச்சை, தடித்த உருவம் என்பவை கண்ணை இழுக்கும், ஆனால் அதிகம் ஏமாற்றுவதும் அவைதான். குளிரும் காற்றும் அடிக்கும் திறந்தவெளியில் பலுஸ்ட்ரேயே குட்டையாகி, இலைகள் குறுகி மழுங்கி, குழிந்து, தண்டோடு ஒட்டி வளர்வதுண்டு. இதற்கு இம்ப்ரிகாட்டம் என்று தனி வகைப்பெயரே கொடுத்திருக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் அசல் டர்ஜிடம். எந்த மாதிரி இடத்தில் டர்ஜிடத்தைத் தேடுவீர்களோ அதே மாதிரி இடத்தில்தான் இந்த வேடதாரியும் நிற்கும். லென்ஸ் இங்கே கை கொடுக்காது, மைக்ராஸ்கோப் வேண்டும். அதற்கு வருவோம்.

இரண்டாவது சந்தேக நபர் வேறு குடும்பம்: ப்ளூரோசியம் ஷ்ரெபெரி. வடகாடுகளின் தரையில் விரிப்பாகப் படர்வது, மலையிலும் ஏறும். இலை குழிந்து மழுங்கியிருக்கும், தண்டு தடித்த மாதிரி தெரியும். ஆனால் நனைத்துப் பார்த்தால் இலைகளுக்குள்ளிருந்து சிவப்புத் தண்டு பளிச்சென்று தெரியும். கிளைகளும் இறகு போல இருபுறமும் விரியும். டர்ஜிடம் அப்படி இறகாகக் கிளைக்காது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஓர் இலையைப் பிய்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். டர்ஜிடத்துக்கு நடுவே ஒற்றை நரம்பு தெளிவாக ஓடி நுனிக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். ப்ளூரோசியத்துக்கு அடியில் மிகக் குட்டையாக இரட்டை நரம்பு, சில நேரம் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. இவரை விரட்ட ஒரு நிமிடம் போதும்.

துருவப் பகுதியிலேயே தேடுகிறவருக்கு மூன்றாவதாக ஒரு தொல்லை இருக்கிறது. ஆலகோம்னியம் அக்குமினாட்டம். டர்ஜிடம் போலவே தடித்த உடம்பு, ஆனால் இலை நுனி கூர்மை. நுனியைப் பார்க்காமல் உடம்பை மட்டும் பார்த்துப் பெயர் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

மைக்ராஸ்கோப்பின் கீழே

தண்டின் நடுப்பகுதியிலிருந்து இலைகளை எடுக்க வேண்டும். உச்சியில் இருப்பவை முழுதாக வளராதவை, அடியில் இருப்பவை சிதைந்தவை. நனைத்த தண்டை ஸ்லைடில் வைத்து, இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஊசியால் இலையின் அடியோடு சேர்த்துக் கீழ்நோக்கி உரியுங்கள். இலையை நடுவில் கிள்ளி எடுத்தால் அடிப்பகுதி தண்டிலேயே தங்கிவிடும். நமக்கு வேண்டியது அந்த அடிப்பகுதிதான். ஐந்தாறு இலைகள் கிடைத்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே கவர் ஸ்லிப்.

இங்கேயே முதல் அடையாளம் வந்துவிடும். பலுஸ்ட்ரேயின் இலை சமர்த்தாகத் தட்டையாகும். டர்ஜிடத்தின் இலை நுனி குல்லாவாக வளைந்திருப்பதால் தட்டையாக மறுக்கும். மடங்கும், அல்லது அழுத்தத்தில் நுனி பிளந்துகொள்ளும். ஸ்லைடு பாழாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம். அந்தப் பிளவே ஒரு குறிப்பு.

இனி செல்கள். ஆலகோம்னியம் பேரினத்தின் முத்திரை இலையின் மேல்பாதியில் இருக்கிறது. செல்கள் சிறியவை, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சுவர்கள் தடித்து, உள்ளே இருக்கும் வெளி உருண்டையாகவோ கோணல்மாணலாகவோ சுருங்கியிருக்கும். ஒவ்வொரு செல்லின் முகத்திலும் நடுவில் ஒரே ஒரு மொட்டு போன்ற மேடு. மைக்ராஸ்கோப்பின் குவியத்தை லேசாக மேலும் கீழும் திருப்பினால் அந்த மேடுகள் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றித் தோன்றி மறையும். இலை மடிந்திருக்கும் விளிம்பில் பார்த்தால் இன்னும் சுலபம், பக்கவாட்டில் சின்னச் சின்னக் குமிழாகத் தெரியும். ப்ளூரோசியத்தில் இது எதுவும் இருக்காது. அதன் செல்கள் நீண்டு மெலிந்து புழுப்போல் வளைந்தவை. லென்ஸில் வைத்த சந்தேகம் ஏதாவது மிச்சமிருந்தால் இங்கே முழுதாகத் தீரும்.

அப்புறம்தான் வேடதாரி. இலையை மெல்ல நகர்த்தி அடிப்பகுதிக்கு வாருங்கள். பலுஸ்ட்ரேயில், இலை எவ்வளவு குட்டையாக மழுங்கியிருந்தாலும், அடியில் உள்ள செல்கள் மேலுள்ளவற்றைவிடப் பெரிதாக, ஊதி, பழுப்பேறியிருக்கும். கண்ணுக்கு ஒரு கோடு போட்ட மாதிரி வித்தியாசம் தெரியும். டர்ஜிடத்தில் அப்படிப் புடைத்த பகுதி எடுப்பாகத் தெரியாது. ஒரே இலையை நம்ப வேண்டாம். ஐந்து இலைகளும் ஒரே மாதிரி சொல்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு ஒரு பக்கமும் மூன்று மறுபக்கமும் போனால், மெத்தையில் இரண்டு பாசிகள் கலந்திருக்கின்றன என்றே பெரும்பாலும் அர்த்தம். பாசி மெத்தையில் கலப்பு இல்லாததுதான் அபூர்வம்.

காப்சூல் கிடைத்தால் உதவுமே என்று தோன்றலாம். டர்ஜிடம் காப்சூல் விடுவது மிகக் குறைவு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் பக்கத்தில் இருந்து, நீர்ப்படலமும் அமைந்தால்தான் கரு உண்டாகும். ஸ்போரும் அபூர்வம், ஜெம்மாவும் இல்லை, பின்னே எப்படிப் பரவுகிறது? உடைந்த துண்டுகளாக. குளிர்காலக் காற்று உறைபனியின் மேல் இலைத் துணுக்குகளைத் தள்ளிக்கொண்டு போகும். விழுந்த இடத்தில் ஒரு துண்டு முளைத்தால் போதும்.

அந்த முளைக்கும் திறனுக்கு ஓர் அசாதாரணமான சாட்சி இருக்கிறது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் டியர்டிராப் என்ற பனியாறு பின்வாங்கியபோது, 'சிறு பனியுகம்' எனப்படும் காலத்தில் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட பாசிகள் வெளியே வந்தன. அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் லா ஃபார்ஜின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் சில மறுபடி துளிர்த்ததைக் காட்டியது. பனியாற்றின் ஓரத்திலேயே பழுப்புத் தண்டிலிருந்து பச்சைக் கிளை விட்டு நின்றவற்றில் ஆலகோம்னியம் டர்ஜிடமும் ஒன்று. இதில் நம் வேலைக்கு ஒரு பாடம் உண்டு: பழுப்பாகிச் செத்தது போலிருக்கும் தண்டையும் தூக்கி எறியாதீர்கள். நிறம் போனாலும் செல்லின் சுவர் அப்படியே இருக்கும். நூறு வருடம் உறையில் கிடந்த மாதிரியையும் வெந்நீரில் ஊறவைத்தால் மைக்ராஸ்கோப்பில் எல்லாம் படிக்க முடியும்.

இடம் சொல்லும் சேதி

வளரும் இடம் சாட்சியாகாது, ஆனால் நல்ல துப்பு. பாறை சுண்ணாம்புத்தன்மை கொண்டதா, அமிலத்தன்மை கொண்டதா என்பதை எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகமென்றால் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். ஸ்காட்லாந்தின் பென் லாயர்ஸ் மலை துருவ-மலைத் தாவரங்களுக்குப் பேர்போனது அங்குள்ள சுண்ணாம்புச் சத்துள்ள பாறையால்தான். அதே ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். இரண்டிலும் கிடைக்கும் பாசிப் பட்டியலே வேறு.

பனி எவ்வளவு நாள் கிடக்கிறது என்பதும் முக்கியம். கோடை வரை உருகாத பனிக்குழிகளுக்கென்றே சில பாசிகள் உண்டு. ஆண்ட்ரியா நிவாலிஸ் பனிநீர் ஓடும் பாறையில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும். ஆண்ட்ரியா பேரினத்தின் காப்சூல் மூடி திறப்பதில்லை, பக்கவாட்டில் நான்கு பிளவாக வெடித்துக் குட்டி விளக்குக்கூடு மாதிரி நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. பாலிட்ரைகாஸ்ட்ரம் செக்ஸாங்குலாரேவும் இதே பனிக்குழிவாசி. இவற்றின் வீடு சுருங்கிக்கொண்டிருக்கிறது. கெய்ர்ன்கார்ம்ஸில் பிரேரியாக் மலையில் 'ஸ்ஃபிங்ஸ்' என்று பெயரிட்ட பனித்திட்டு 20ஆம் நூற்றாண்டு முழுக்க 1933, 1959, 1996 என மூன்றே தடவை முற்றாக உருகியது. அதன் பிறகு 2003, 2006, 2017, 2018, 2021 என்று தொடர்ந்துகொண்டிருக்கிறது.

டர்ஜிடம் இவ்வளவு பிடிவாதக்காரர் இல்லை. ஈரத் தூந்திரா, சிறு மேடுகள், பனி உருகி வடியும் சரிவுகள், மற்ற பாசிகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு தண்டுகள் என்று எப்படியும் இருக்கும். அதனால்தான் இடத்தை மட்டும் வைத்து இதைப் பிடிக்க முடியாது.

எடுப்பதும் எழுதுவதும்

எவ்வளவு எடுப்பது? மெத்தை பெரிதாக இருந்தால் நான்கைந்து தண்டுகள். சிறிதாக இருந்தால் ஒன்று. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சில இடங்களில் இது உங்கள் விருப்பமும் இல்லை. ஸ்வால்பார்டில் தாவரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பிரிட்டனிலும் 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் சில மாஸ்களைப் பெயர் சொல்லிக் காக்கிறது. போகும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடுத்த தண்டைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். காகித உறை போதும். அழுத்தவோ ஒட்டவோ வேண்டாம், தானாகக் காயட்டும். உறையின் மேல் அங்கேயே, பென்சிலால், இடம், உயரம், தேதி, என்ன பாறை அல்லது மண், எந்தத் திசை பார்த்த சரிவு, பக்கத்தில் என்னென்ன பாசி என்று எழுதிவிடுங்கள். ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று வைத்த உறைகள் மறுநாள் அநாதைகளாகிவிடும். மை நனைந்தால் ஓடும், பென்சில் ஓடாது.

படத்தை மட்டும் காட்டி 'இதுதான்' என்றால் அரிய பாசி விஷயத்தில் யாரும் ஏற்பதில்லை. 1896இல் பாசி மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ளும் குழுவாகத் தொடங்கியதுதான் இன்றைய பிரிட்டிஷ் பிரையாலஜிக்கல் சொசைட்டி. ஒரு மாவட்டத்தில் முதன்முறையாகக் கண்ட இனம் என்று பதிவாக வேண்டுமானால் இன்றும் அங்கே மாதிரியை அனுப்பியாக வேண்டும். டிஎன்ஏ சோதனை இப்போது உதவுகிறது என்றாலும், ஒப்பிடுவதற்கு யாரோ ஒருவர் லென்ஸாலும் மைக்ராஸ்கோப்பாலும் சரியாகப் பெயரிட்ட மாதிரி ஏற்கெனவே இருக்க வேண்டும்.

சரி, நம் சரிவுக்குத் திரும்புவோம். நுனி மழுங்கிக் குல்லாவாக இருந்தது. காய்ந்தும் மாறவில்லை. குண்டூசி இல்லை, அதை நாம் கணக்கில் சேர்க்கவும் இல்லை. நரம்பு ஒன்று, நுனிக்கு முன் நின்றது. செல்லுக்கு ஒரு மேடு. ஐந்து இலைகளிலும் அடிச்செல்கள் ஊதவில்லை. உறையின் மேல் 'ஆலகோம்னியம் டர்ஜிடம்' என்று எழுதலாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வையுங்கள், பென்சிலால்தான். இன்னொருவர் தன் மைக்ராஸ்கோப்பில் அதே ஐந்து இலைகளைப் பார்த்தபிறகு அழித்துக்கொள்ளலாம்.